சாமி வரும் நேரத்தில் மெத்தை விளம்பரம்

"உங்களுக்கு முதுகு வலியா?" என்று ஒரு பெண் ரொம்பப் பாசமாகக் கேட்டாள்.

கேட்டது ஒலிபெருக்கியில். இடம், திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக்குள் இருக்கும் எங்கள் மாடசாமி கோயில். நேரம், கொடைத் திருவிழாவன்று உச்சிப்பொழுது. மஞ்சள் தண்ணீர்க் குடத்தில் வேப்பிலை மிதக்கிறது. சாம்பிராணிப் புகையில் எல்லோருக்கும் கண் எரிகிறது. இந்த வருஷம் சாமி யார் மேல் இறங்கப் போகிறது என்று பங்காளிகள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாட்டு ஏறி, ஏறி, இதோ வந்துவிட்டது என்கிற இடத்தில் பட்டென்று நின்றது. அந்த இடைவெளியில்தான் அவள் முதுகைப் பற்றி விசாரித்தாள்.

"ஆமா, கெடக்கு" என்று முன்னால் நின்ற ஒரு பெரியவர் தன்னையறியாமல் பதில் சொன்னார்.

மேளக்காரர் குச்சியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். ஊரே அவரைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் மஞ்சள் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அவருக்கும் அப்போது கொஞ்ச நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒலித்தது எங்கள் கம்பெனிப் பாட்டு. அதன் நடுவில் மெத்தை விற்க வந்தவளுக்குக் கதவைத் திறந்துவிட்டவரும் எங்கள் வீட்டுக்காரர்தான். அந்த வினை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஈரத்துண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயர் வைத்தது யார்?

"அது என்னம்மா பெயர், ஈரத்துண்டு ஆடியோஸ்?" என்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் விடாமல் கேட்கிறார்கள். எனக்கும் அந்தப் பெயர்மேல் ஆத்திரம்தான்.

எங்கள் வீட்டுக்காரர் மாசானத்துக்குத் தென்காசியில் மைக் செட் கடை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான் கட்டுவார்கள். எந்தப் புது மெஷின் வந்தாலும் தென்காசியிலேயே முதலில் அவர் கையில்தான் இருக்கும். சொந்தமாகக் கேசட் போடப் போகிறேன் என்று ஒருநாள் கிளம்பினார். நல்ல சாரல் நேரம். குற்றாலத்தில் குளித்த கையோடு, தோளில் துண்டு சொட்டச் சொட்ட, அட்டை அச்சடிக்க அச்சகத்துக்குப் போயிருக்கிறார்.

"கம்பெனி பேரு என்ன அண்ணாச்சி?" என்று அச்சகக்காரர் கேட்டிருக்கிறார். இவர் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. மேஜைமேல் குனிந்து யோசித்ததில், யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ, அதன் மேல் தண்ணீர் சொட்டிவிட்டது.

"மொதல்ல அந்த ஈரத்துண்ட எடுங்க அண்ணாச்சி."

"சரி, அதையே போடும்வே."

இப்படித்தான் ஒரு கம்பெனிக்குப் பெயர் வைத்தார். கொடியில் தொங்கும் துண்டும், அதிலிருந்து விழும் மூன்று சொட்டும் எங்கள் முத்திரை ஆனது. செண்பகம் என்று லட்சணமான பெயரோடு ஒருத்தி வீட்டில் இருக்கிறாளே, அதை வைத்திருக்கலாமே என்று கேட்டேன். "அதான் மலைமேல ஒரு அருவிக்கே ஒம் பேரு இருக்கே. கம்பெனிக்கும் எதுக்கு?" என்றார். இன்றைக்குச் சென்னைப் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு "செம பேரு ஆன்ட்டி" என்கிறார்கள். அவர் காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்கிறேன்.

மெத்தைக்குள் ஒரு வில்லுப்பாட்டு

ஸ்டுடியோவுக்கு எங்கே போவது? குற்றாலத்தில் சீசன் இல்லாத மாதங்களில் லாட்ஜுகள் காலியாகக் கிடக்கும். தெரிந்த மேனேஜர் ஒருவர் மாடியில் ஒரு ரூமைத் திறந்துவிட்டார். மற்ற ரூம்களில் இருந்த மெத்தைகளை எல்லாம் தூக்கிவந்து நான்கு சுவரிலும் சாய்த்துவைத்தோம். வெளிச்சத்தம் வராது. காற்றும் வராது. ஃபேன் போட்டால் மைக்கில் கேட்கும் என்று அதையும் நிறுத்திவிட்டார். அந்த வேக்காட்டில் முப்பிடாதி மாடசாமி கதையை வில்லடித்துப் பாடினாள்.

முப்பிடாதி எங்கள் பக்கத்தில் பெயர்பெற்ற வில்லுப்பாட்டுக்காரி. எனக்கு அவள் வயதுதான். சாமி கதையைச் சொல்லி ஊரை அழவைப்பாள், இடைவேளையில் என்னிடம் வந்து வெற்றிலை கேட்பாள். வில்லுப்பாட்டின் கடைசியில் சாமியை வா வா என்று அழைத்துப் பாடும் பகுதி ஒன்று உண்டு. அதற்கு வரத்து என்று பெயர். முப்பிடாதி வரத்துப் பாடினால் கல்லும் எழுந்து ஆடும் என்பார்கள்.

அந்தப் பதிவில் இரண்டாவது பக்கத்தில் தகரத்தின் மேல் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். மாடன் கூரைமேல் நடக்கிறான் என்று சொல்லி அந்த இடம் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் உண்டு. அது குற்றாலத்துக் குரங்கு. நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு கம்பெனி பெயரை யார் சொல்வது என்று பிரச்சினை வந்தது. "சாமி பாட்டுக்கு முன்னால ஈரத்துண்டுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்" என்று முப்பிடாதி முரண்டு பிடித்தாள். டீ கொண்டுவந்திருந்த என்னிடம் மைக்கை நீட்டினார்கள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "ஈரத்துண்டு ஆடியோஸ் பெருமையுடன் வழங்கும்." அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆலங்குளம் பஸ்ஸில் நடந்தது

கேசட் கடைக்கு வந்த கொஞ்ச நாளில் ஒரு பஸ் முதலாளி வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

ஆலங்குளம் போகிற அவருடைய பஸ்ஸில் டிரைவர் எங்கள் கேசட்டைப் போட்டிருக்கிறார். கதை ஓடுகிறவரை எல்லோரும் ரசித்திருக்கிறார்கள். வரத்து வந்ததும் கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார். அவரைப் பிடிக்கப் போன கண்டக்டருக்கும் சாமி வந்துவிட்டது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தான் மட்டும் இறங்கி ஓடியிருக்கிறார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் குறி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சாமிக்குத் தாகம் எடுத்தபோது, சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு உபதேசியார்தான் தன் கையிலிருந்த கலர் சோடாவைக் கொடுத்திருக்கிறார். அதைக் குடித்த பிறகுதான் சாமி மலையேறியிருக்கிறது.

"கண்டக்டரே ஆடுனா டிக்கெட் யாரு அண்ணாச்சி போடுவா?" என்று கேட்டார் முதலாளி.

எங்கள் வீட்டுக்காரர் சாமியையெல்லாம் அவ்வளவாக நம்புகிறவர் இல்லை. "அது சவுண்டு சமாச்சாரம்வே. வில்லுக்குடத்துச் சத்தம் நெஞ்சுல போயி அடிக்கு. பேஸ் கூடிட்டுன்னா ஆளு ஆடத்தான் செய்வான்" என்றார். அத்தனை கொடைகளில் ஆம்பிளிஃபயர் பக்கத்தில் நின்றும் அவர் ஒரு தடவைகூட அசைந்ததில்லை. அதையே தன் கட்சிக்குச் சாட்சியாகச் சொல்வார்.

ஆனாலும் வழி கண்டுபிடித்தார். வரத்தை எடுத்துவிட்டு பஸ்ஸுக்கு என்று நீல அட்டையில் ஒரு கேசட். வரத்தோடு கோயிலுக்கு என்று சிவப்பு அட்டையில் ஒன்று. சிவப்புக் கேசட்டின் தொடக்கத்தில் நான் புதிதாக ஒன்று பேசினேன்: "ஈரத்துண்டு ஆடியோஸ் பெருமையுடன் வழங்கும். இது வரத்து உள்ள பதிவு. கோயிலில் போடுங்கள். வண்டியில் போடாதீங்க."

முதல் பாதி மேடைத் தமிழிலும் கடைசி வார்த்தை என் சொந்தத் தமிழிலும் வந்துவிட்டது. திருத்தலாம் என்றேன். வேண்டாம், அதுதான் நன்றாக இருக்கிறது என்றார். அன்றிலிருந்து தென்காசி மார்க்கெட்டில் நான் காய்க்கு விலை கேட்டால் போதும், பத்துத் தலை திரும்பும். "ஏ, வண்டியில போடாதீங்க அக்கால்லா வந்திருக்காவ" என்பார்கள். என் முகம் ஊருக்குத் தெரியாது. என் குரல் தெரியாத கொடை கிடையாது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

வளர்ந்த கதை

பிறகு நாங்கள் வளர்ந்தோம். வீட்டுப் பின்கட்டு முழுக்கக் கேசட் பதிகிற மெஷின்கள். ஒவ்வொரு பதிவும் சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது என் வேலை. சோறு வடிக்கும்போதும் வரத்து, துணி மடிக்கும்போதும் வரத்து. சாரல் நேரத்தில் அருவிக்கரையில் கடை போடுவோம். ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்துவிடும் என்று கேசட்டுகளை அரிசிப் பானையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவேன்.

நையாண்டி மேளம் போட்டோம், கும்மி போட்டோம், சர்ச் பாட்டுகூடப் போட்டோம். கேசட் சிடியானது. சிடி வந்த அன்றைக்கே எவனோ அதைக் காப்பியடித்து எங்கள் கடைக்கு எதிரிலேயே விற்றான். அதன்பின் மெமரி கார்டு. பம்பாயிலும் துபாயிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள், லீவு முடிந்து போகும்போது அல்வாவோடு ஈரத்துண்டு கார்டும் வாங்கிப் போனார்கள். கூட இருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் வீட்டுக்காரர் எல்லாப் பாட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, சேனல் என்று ஒன்று ஆரம்பித்தார். தெக்குச் சீமையில் வில்லுப்பாட்டு என்று தேடினால் முதலில் வந்து நிற்பது எங்கள் துண்டுதான் என்று ஆகிவிட்டது. புது மெஷினைக் கண்டால் விடாத அவர் புத்திதான் கம்பெனியைக் காப்பாற்றியது. சண்டையையும் அதே புத்திதான் கொண்டுவந்தது.

சென்னைத் தம்பி

போன வருஷம் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தான். நல்ல பிள்ளை. நான் வைத்த அவியலை மூன்றுமுறை வாங்கிச் சாப்பிட்டான். எங்கள் பாட்டுகள் எல்லாவற்றையும் அவர்களே உலகம் பூராவும் கொண்டுபோவார்களாம். இரண்டே இரண்டு மாற்றம்தான் செய்ய வேண்டுமாம். நடுவில் விளம்பரம் வரும். பாட்டுக்கு முன்னால் வரும் அறிவிப்பை எடுத்துவிட வேண்டும்.

"இப்பல்லாம் யாரும் இன்ட்ரோ கேக்கிறதில்ல சார், தள்ளி விட்டுடுவாங்க" என்றான்.

அவன் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "காலத்துக்குத் தக்கன போகணும்லா. சோதனைக்கு நம்ம மாடன் பாட்ட மட்டும் அப்படிப் போட்டுப் பாப்போம்."

"வெட்டிருவீங்களோ?"

"ஒன்ன எங்கட்டி வெட்டுதேன்? முன்னால ஒரு துண்டு. அவ்வளவுதான்."

எனக்குச் சுரீரென்று வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பெனியில் என்னுடையது என்று சொல்ல இருந்தது அந்த ஒரு துண்டுதான். பெயரில் நான் இல்லை, அட்டையில் நான் இல்லை. குரலில் இருந்தேன். "அப்போ எவனாவது வண்டியில போட்டு, ஓட்டுதவனுக்குச் சாமி வந்தா?" என்று கேட்டேன். "அது பேஸ்" என்றார். அன்றைக்குப் பேச்சை நிறுத்தினேன். அவர் சோதனையைத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் அவருடைய குலதெய்வத்துக்குக் கொடை வந்தது. அந்தக் கோயில்தான் நான் முதலில் சொன்ன மாடசாமி கோயில்.

மறுபடியும் உச்சிப்பொழுது

கொடைக்கு முப்பிடாதி குழுதான் வர வேண்டும். வருகிற வழியில் வேன் டயர் வெடித்துவிட்டது. உச்சிப்பொழுது யாருக்காகவும் காத்திருக்காது. அதோடு, வழக்கமாகச் சாமியாடும் வேலாயுதம் அண்ணாச்சிக்கு முட்டியில் ஆபரேஷன். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "என் முட்டிய நம்பி மாடன் வரமாட்டான்லே, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

"ஏன் கவலப்படுதீங்க, நம்ம பாட்டு இருக்குல்லா" என்று எங்கள் வீட்டுக்காரர் தன் ஃபோனை ஆம்பிளிஃபயரில் மாட்டினார். பாட்டு வந்தது. எடுத்த எடுப்பிலேயே வில்லுச் சத்தம். கூட்டத்தில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "என்னட்டி, அக்கா குரலக் காணும்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அதற்கப்புறம்தான் மெத்தைக்காரி வந்து முதுகை விசாரித்தாள்.

அவர் ஃபோனை அழுத்தினார், தட்டினார், உதறினார். அவள் போனாள். பாட்டு வரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"டவர் போயிட்டு" என்றார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

நல்லா வேணும் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். பிறகு கூட்டத்தைப் பார்த்தேன். வரத்தைப் பாதியில் நிறுத்தினால், கிளம்பிய சாமி வழியில் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மேளம் மட்டும் அடித்தால் எங்கள் மாடன் வரமாட்டான், பாடி அழைக்க வேண்டும். ஒரு பங்காளி வீட்டுப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். என் கோபத்தை அங்கே வைத்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

மைக்கை எடுத்தேன். சமையலறைக்கு வெளியில் நான் ஒரு வரி பாடியது கிடையாது. வாயைத் திறந்தால், பழக்க தோஷம், முதலில் வந்தது பாட்டில்லை.

"ஈரத்துண்டு ஆடியோஸ் பெருமையுடன் வழங்கும்…"

கூட்டம் சிரித்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாகப் பெண்கள் குலவை போட்டார்கள். மேளக்காரர் குச்சியை இறக்கினார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"மலைய விட்டு எறங்குமையா, மணிச் சத்தம் கேக்கலையா,
கரிசக்காட்டு வழியிருக்கு, காத்திருக்கோம் பாக்கலையா…"

எத்தனை வருஷம் கேட்டது. வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. குரல் ஏறியது. மேளம் கூடவே ஏறியது. சாமி யார் மேல் வரப்போகிறது என்று எல்லோரும் பங்காளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆம்பிளிஃபயரைப் பார்த்தேன், சத்தம் சரியாக இருக்கிறதா என்று.

அங்கே எங்கள் வீட்டுக்காரர் குமிழைப் பிடித்த கையோடு நின்றிருந்தார். தோள் குலுங்கியது. மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. ஏதோ கரண்டு அடித்துவிட்டது என்று நான் பயந்து பாட்டை நிறுத்தப் போனேன். அதற்குள் "ஹோய்" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், மைக் இல்லாமலே அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும்.

"மாசானம் மேல வந்துட்டான்லே" என்று கத்திக்கொண்டே வேலாயுதம் அண்ணாச்சி ஆபரேஷன் முட்டியோடு எழுந்து நின்றுவிட்டார். சாமியாடும்போது தான் பிடிக்கும் ஈட்டியான வல்லயத்தை அவரிடம் கொடுத்தார். மாலை போட்டார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனுஷன் சின்னப் பையன் மாதிரி ஆடினார்.

ஆட்டம் தணிந்ததும் ஒவ்வொருவராகப் போய்க் குறி கேட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குத் திருநீறு கிடைத்தது. மழை வரும் என்றது சாமி. நானும் வரிசையில் நின்றேன். வீட்டில் கேட்டால் பேஸ், டவர் என்பார். இங்கே கேட்டால் என்ன சொல்கிறார் பார்ப்போம்.

"ஐயா, கம்பெனியச் சென்னைக்குக் குடுக்கலாமா?" என்று கைநீட்டிக் கேட்டேன். "என் குரல வெட்டலாமா?"

சாமி என்னை வெகுநேரம் பார்த்தது. தட்டிலிருந்து திருநீற்றை அள்ளி, என் நெற்றிக்குக் கொண்டுவந்த கையைக் கீழே இறக்கி, என் தொண்டையில் பூசிவிட்டது.

நான் அழுதுவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னாலும் அழுதேன்.

பிறகு

முப்பிடாதி வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "டயர மாத்திட்டு வாறதுக்குள்ள என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே செண்பகம். சுருதியாவது நின்னுச்சா?" என்றாள். ராத்திரிக் கொடைக்கு அவளே பாடினாள். எனக்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுத்து ஜால்ராவைக் கையில் தந்தாள்.

எங்கள் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் ஈரவேட்டியோடு உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பேஸ் கொஞ்சம் கூடிட்டு போல" என்றார்.

"வில்லே அடிக்கல. பேஸ் எங்கேருந்து வந்துச்சு?"

சோடாவை முழுசாகக் குடித்து முடித்தார்.

மறுநாள் அவரே சென்னைக்கு ஃபோன் போட்டார். கோயில் பாட்டுகளில் அறிவிப்பை வெட்ட முடியாது, நடுவில் விளம்பரமும் கூடாது, இதற்குச் சம்மதம் என்றால் மேலே பேசலாம் என்றார். ஏன் சார் என்று தம்பி கேட்டிருக்கிறான். "எங்க சாமி ஒத்துக்கலை தம்பி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பத்து நாள் இழுத்தடித்துவிட்டு அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். இப்போது எங்கள் துண்டு உலகம் பூராவும் காய்கிறது.

சாமி நிஜமாகவே வந்ததா, என் கோபத்தைத் தீர்க்க அந்த மனுஷன் ஆடினாரா என்று ஊரில் சிலர் என்னைக் கேட்டதுண்டு. நான் அவரைக் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஃபோன் பேசிய அன்று சாயங்காலமே பின்கட்டில் பழைய மெத்தைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பழைய அறிவிப்போடு ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். ஃபேனை நிறுத்தினார். நான் சொன்னேன்: "ஈரத்துண்டு ஆடியோஸ் பெருமையுடன் வழங்கும். இது வரத்து உள்ள பதிவு. நடுவில் விளம்பரம் வராது. வண்டியில் போடாதீங்க."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"இன்னும் ஒரு தடவ."

"ஏன், மொதல்லயே நல்லா விழலையா?"

"விழுந்துட்டு" என்றார், காதில் ஹெட்ஃபோனோடு, குமிழைப் பார்த்துக்கொண்டே. "கேக்கணும் போல இருக்கு. சொல்லு."